மெஷினில் ஒட்டிய பொட்டுகள்

போன வாரம் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். 'லிட்டில் இந்தியா' என்று பலகை வைத்துவிட்டார்கள். வைத்துக்கொள்ளட்டும், பினாங்கில் நமக்கு அது கடைத்தெருதான். வளையல் கடைத் தம்பி ஒட்டுப்பொட்டு அட்டை ஒன்றை நீட்டினான். "புது சரக்கு லா அக்கா. ஸ்கின்னுக்கு ஒண்ணும் செய்யாது." நான் அட்டையை வாங்கி மூக்கில் வைத்து முகர்ந்தேன். "அக்கா, அது சாம்பிராணி இல்ல," என்றான்.

சிரிக்கட்டும். எனக்கு அந்தப் பசையின் வாசனை தெரிய வேண்டியிருந்தது. பள்ளிக்கூடக் கோந்துக்கும் புது ரப்பர் செருப்புக்கும் நடுவில் ஒரு வாசனை. அது மூக்கில் ஏறியதும் நான் போய் நிற்பது ஜார்ஜ் டவுனில் ஒரு தோல் கிளினிக்கின் பின்னறையில். என் முதல் வேலை அங்கேதான். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்து போவேன். டாக்டரம்மா யாழ்ப்பாண வம்சம். பிறந்து வளர்ந்தது இங்கேதான் என்றாலும் வாயைத் திறந்தால் வீட்டுப் பேச்சுதான் வரும். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் 'பிள்ளை'தான்.

பின்னறையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மெஷின். எக்சைமர் லேசர் என்று பெயர். முதல் நாள் நான் அதைப் பார்த்து மிரண்டதைக் கண்டு டாக்டரம்மா விளக்கம் சொன்னார். "உள்ளுக்க செனான் எண்டொரு வாயு இருக்கு, பிள்ளை. அது ஒருத்தரோடயும் சேராது. கரண்டால ஒரு அடி விழுந்தா மட்டும் குளோரினோட ஒரு கணம் சேரும். பிரியேக்க வெளிச்சம் விடும்." எங்கள் குடும்பத்தில் இப்படி இரண்டு மாமாக்கள் உண்டு. கல்யாண ஃபோட்டோவுக்கு மட்டும் சேர்ந்து நிற்பார்கள். ஆகவே எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. நினைத்துப் பார்க்க முடியாத அளவு குட்டிக் குட்டித் துடிப்புகளாக வந்து விழும். நமக்குக் கேட்பதெல்லாம் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். தோலில் வெள்ளைத் திட்டு விழுந்த இடத்தில் மட்டும் அதைப் பாய்ச்சினால், உள்ளே தூங்கிப்போன நிறம் எழுந்து வரும். எல்லோருக்கும் வராது, ஆனால் நிறையப் பேருக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். குழாயின் நுனியைத் திட்டின் மேல் வைத்துப் பிடிப்பதும், வந்தவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடுவதும் என் வேலை.

நெற்றியில் வைத்தியம் என்றால் பொட்டை எடுக்க வேண்டுமே. எடுத்த பொட்டை நம் பெண்கள் எங்கே ஒட்டுவார்கள்? கண்ணாடியில். அந்த அறையில் கண்ணாடி இல்லை, மெஷினின் பக்கவாட்டுத் தகரம் பளபளவென்று இருந்தது. யார் ஆரம்பித்தார்களோ, கொஞ்ச நாளில் தகரம் முழுக்கப் பொட்டு. போகும்போது திரும்ப எடுத்துக்கொள்ள யாருக்கு ஞாபகம் இருக்கிறது! "இதென்ன, அம்மன் கோயிலோ?" என்று டாக்டரம்மா சத்தம் போட்டுப் பார்த்தார். பிறகு அவரே விட்டுவிட்டார்.

என் பொட்டு மட்டும் அதில் இல்லை. நான்தான் கழற்றவே மாட்டேனே. நெற்றியில், சரியாகப் பொட்டு வைக்கிற இடத்தில், எனக்கு ஒரு வெள்ளைப் புள்ளி வந்திருந்தது. அம்மாதான் முதலில் பார்த்தார். "கொஞ்சம் பெரிய பொட்டா வையி. யாருக்கும் தெரியாது." வைத்தேன். புள்ளி வளர்ந்தது. அதைவிடப் பெரிதாக வைத்தேன். அதுவும் சளைக்காமல் வளர்ந்தது. கடைசியில் என் பொட்டு ஐம்பது காசு நாணயம் அளவுக்கு வந்துவிட்டது. ஊரார் திட்டுக்கெல்லாம் லேசர் பிடிக்கிறவள், தன் நெற்றியை டாக்டரிடம் காட்டவில்லை. பைத்தியக்காரி என்கிறீர்களா? சொல்லிக்கொள்ளுங்கள். காட்டினால் அதற்குப் பெயர் வந்துவிடும். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் வெண்குஷ்டம். குஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தொற்றவும் தொற்றாது என்று வருகிறவர்களுக்கு நானே தினம் சொல்வேன். எனக்கு நானே சொன்னால்தான் எடுபடவில்லை. முகம் முழுக்கப் பரவிவிடும் என்று எனக்கு அப்படி ஒரு பயம்.

நிபோங் திபாலிலிருந்து ஓர் அக்கா வருவார், ஃபேக்டரியில் வேலை. அவருக்குக் காதோரம் திட்டு. எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க, அறையை இருட்டாக்கிவிட்டு ஊதா விளக்கு ஒன்றைப் பிடிப்போம். அந்த விளக்கில் வெள்ளைத் திட்டு நீலமாக ஒளிரும். அவர் தலைமுடியை விலக்க நான் குனிந்தேன்.

"தங்கச்சி, ஒன் பொட்டச் சுத்தி என்னமோ எரியுதே," என்றார் அக்கா.

டாக்டரம்மா விளக்கை என் பக்கம் திருப்பினார். "பொட்டைக் கழட்டும் பிள்ளை, பாப்பம்."

கழற்றினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. இருட்டில் அழுவது ஒரு வசதி.

"இந்தப் பொட்டுத்தான் செய்திருக்கு," என்றார் அவர். "பசையில இருக்கிற ஏதோ ஒண்டு உமக்கு ஒத்துக்கொள்ளேல்ல. நிறத்தைத் திண்டுபோட்டுது. நீர் மறைக்க மறைக்க அது வளரும்."

ஐம்பது காசுப் பொட்டை என்ன செய்வதென்று தெரியாமல் மெஷினில் ஒட்டினேன்.

எனக்கும் லேசர் என்று முடிவானது. இனி நெற்றி வெறுமையாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. லேசரைவிட அதுதான் அம்மாவைப் போட்டு ஆட்டியது. "கன்னிப் பொண்ணு மூளி நெத்தியோட ஃபெரி ஏறுவியா? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?" இரண்டு நாள் அழுதார். மூன்றாம் நாள் தெளிந்துவிட்டார். சாமி மாடத்திலிருந்து திருநீறு எடுத்து, பட்டையாக இழுத்துவிட்டார். "வெள்ளைக்கு மேல வெள்ளை. எவன் கண்டான்?" ஃபெரியில் ஒருவர், தைப்பூசத்துக்கு விரதமா என்று மரியாதையாகக் கேட்டார். லேசர் பிடிக்கிற நாட்களில் சாயங்காலம் அந்தத் திருநீறும் இருக்காது, கழுவியிருப்பேன். கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வேன்.

எனக்கு டாக்டரம்மாவே குழாயைப் பிடித்தார். சூடுகூடத் தெரியாது. மறுநாள் லேசாகச் சிவந்து அடங்கும், அவ்வளவுதான். வாரங்கள் ஓடின, திட்டு அசையவில்லை. அந்த அக்காவுக்கோ காதோரம் நிறம் வந்துகொண்டிருந்தது. வாயெல்லாம் பல்லாக அவரிடம் சந்தோஷப்பட்டுவிட்டு, உள்ளே வெந்துகொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு காலை. திருநீறு பூச வந்த அம்மா என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "என்னடி நெத்தியில அழுக்கு?" முந்தானை நுனியை எச்சிலில் தொட்டுத் தேய்த்தார். இன்னும் அழுத்தித் தேய்த்தார். "போவ மாட்டேங்குதுடி."

நான் கண்ணாடியிடம் ஓடினேன். வெள்ளைக்கு நடுவே, கடுகைத் தூவியது போல் பழுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு பூனைமுடியின் வேரிலும் ஒன்று. நிறம் அப்படித்தான் திரும்பி வரும். எத்தனை பேருக்கு நானே விரல் வைத்துக் காட்டியிருக்கிறேன். அம்மா மறுபடி முந்தானையோடு வந்துவிட்டார்.

"அழுக்கு இல்லம்மா. விட்டுரு," என்றேன்.

அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், தேய்த்த இடத்தில் வாயைக் குவித்து ஊதினார், அடிபட்ட குழந்தைக்கு ஊதுவது போல.

அந்தப் பழைய ஃபெரிகள் இப்போது இல்லை. டாக்டரம்மா ஓய்வு பெற்று மகளோடு வெளிநாட்டில் இருக்கிறார். நான் இன்னும் அதே கிளினிக்கில்தான். பின்னறைக்கு ஒரு குட்டி மெஷின் வந்துவிட்டது. தலைமுடி உலர்த்துகிற கருவி அளவுதான், கையிலேயே பிடித்துக்கொள்ளலாம், சின்னப் பிள்ளைகள்கூடப் பயப்படுவதில்லை. நல்ல காலம்தான், சந்தேகமில்லை. என்ன, பொட்டு ஒட்ட அதில் இடமில்லை. பழைய மெஷினை ஏற்றிப்போக கெப்பாலா பத்தாஸிலிருந்து லாரிக்காரர் வந்தார். பக்கவாட்டுத் தகரத்தைப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகியிருந்த துடைக்கிற துணியை உருவினார்.

"என்னக்கா இவ்ளோ கொத்தோரா இருக்கு? தொடச்சிரட்டா?"

சிவப்பு, மெரூன், கறுப்பு, கல் வைத்தது, நடுவில் என் ஐம்பது காசு.

"அழுக்கு இல்லண்ணே. விட்டுருங்க," என்றேன். அத்தனை பொட்டுகளோடும் அது லாரி ஏறிப் போனது.

இதையெல்லாம் வளையல் கடைத் தம்பியிடம் சொன்னேன். வியாபாரத்தை விட்டுவிட்டுக் கேட்டான். கடைசியில், "எங்க இருந்துச்சுக்கா அந்த வெள்ளை? காட்டுங்க," என்று கைக்கண்ணாடியைப் பிடித்தான். விரலை நெற்றிக்குக் கொண்டுபோனேன். எங்கே தொடங்கி எங்கே முடிந்தது? இன்னும் கிட்டே குனிந்து பார்த்தேன். எனக்கே தெரியவில்லை.