பேசினில் நின்ற தண்ணீர்

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மருதாயி யார் பேச்சையும் கேட்கமாட்டாள். மண் சரியப்போகிறது, லயத்து வீடுகளை விட்டுப் போங்கள் என்று சொல்ல வந்த அதிகாரியையே திட்டி அனுப்பியவள். ஏர் ஃப்ரையர் வாங்கி அனுப்பிய மகள் சொன்னதை மட்டும் கேட்டாள்: வத்தாளைக் கிழங்கு, அதுதான் சர்க்கரைவள்ளி, மொறுமொறுப்பாக வர, நறுக்கி அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும்.

மழை விடாத மூன்றாம் நாள், கிழங்கை ஊறப்போட்டுத் தரையில் வைத்த பேசினில் தண்ணீர் பள்ளத்துப் பக்கம் விளிம்பைத் தொட்டு நின்றது. மறுபக்கம் இரண்டு விரல் குறைவு. நேற்று இப்படி இல்லை.

"பேசின் கோணலா இருக்குங்க," என்றாள் எரிச்சலாக.

கணவன் அழகர் பேசினைத் திருப்பி வைத்தான். தண்ணீர் மறுபடியும் பள்ளத்துப் பக்கமே ஏறியது.

"பேசின் இல்ல புள்ள. தரை."

இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்தது.