உட்காராத மூடி

சூடான இஸ்திரிப் பெட்டியின் அடிக்கறையை எடுக்க இன்று சோப்புக் கட்டியைத் தேய்த்தேன். எழுந்த வாடையில் கை அப்படியே நின்றுவிட்டது. அது கூடலூர் மலையில், ஓவேலியில் எங்கள் லயத்து வாடை.

இலங்கையிலிருந்து வந்த நாங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளை லயம் என்றுதான் சொல்வோம். ஃபேக்டரியில் கழித்துப்போட்ட மோட்டாரையும் ஜீப் பேரிங்கையும் சேர்த்து அப்பா அங்கே ஒரு கடைசல் மெஷின் கட்டினார். வேலை விட்டு வந்த கையோடு அதை ஓடவிடுவார், சுழலும் அலுமினியத் தகட்டில் சோப்பைத் தடவி, நீளக் கம்பியைக் கக்கத்தில் இடுக்கி அழுத்த அழுத்த, தகடு அச்சாக மாட்டிய மரக்கட்டையின் மேல் முக்காடுபோலப் படிந்து சட்டியாகும், லயம் முழுக்கப் பாத்திரங்கள் கிணுகிணுக்கும், பக்கத்து வீட்டு அக்கா சுவரைத் தட்டி, "அண்ணே, புள்ள இப்பத்தான் தூங்குச்சு!" என்பார்.

சட்டிகளைக் கூடலூர் சந்தையில் விற்று எஸ்டேட் வேலையை விட்டுவிடுவது அவர் திட்டம். சட்டிகளை வெயில் காலத்தில் முடித்தார். மூடிகளைத் தொடங்கும்போது மழை பிடித்துக்கொண்டது; வாரக்கணக்கில் விலகாத மஞ்சில் மூடிக்கான கட்டை உப்பிப்போனதை அவர் கவனிக்கவில்லை. எல்லா மூடியும் பெரிதாகி, சட்டிமேல் நிற்காமல் ஆடின.

"ஒரு எடத்துல குந்தாத மனுசன் செஞ்ச மூடி, வேற எப்புடி குந்தும்?" என்றார் அம்மா. அப்பா சிரித்துக்கொண்டே மெஷினைக் கழற்றினார். மறுவாரமே வேறு மாதிரி பூட்டினார்.

லயத்தை இடித்துவிட்டார்கள். மிஞ்சிய ஒரு சட்டியும் மூடியும் என்னோடு திருப்பூரில் வாடகை வீடு வாடகை வீடாக அலைகின்றன. சோறு கொதிக்கையில் மூடி தடதடக்கும்போதெல்லாம், "வேற மூடி வாங்கலாம்மா" என்கிறாள் மகள்.

"வாங்கலாம்டி, அடுத்த வீட்டுக்குப் போனதும்."