டுமுக்கு அண்ணனுக்கு வந்த மாலைகள்

ராயபுரம் ஜெரால்டுக்கு இரண்டு உத்தியோகம். பகலில் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் பெட்டிகளின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. அதற்குச் சம்பளம் உண்டு. மீதி நேரத்தில் சின்ன வயசுப் பெட்டிக்கடைத் தின்பண்டங்கள், பொம்மைகள் பற்றி ‘பல்லுல ஒட்டிக்கிச்சு’ என்ற வெப்சைட்டை நடத்துவது. அதற்கு மனைவி ஃப்ளோரன்ஸிடம் திட்டு உண்டு.

கையில் கட்டிவிடும் ஜவ்வு மிட்டாய் வாட்ச்சில் முதலில் கடிக்க வேண்டியது பட்டையையா, முள்ளையா என்று அதில் ஒரு நீண்ட கட்டுரை இருக்கிறது. பபிள்கம் ஸ்டிக்கரைக் கையில் ஒட்ட எச்சில் உசத்தியா, குழாய்த் தண்ணீர் உசத்தியா என்ற விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. துபாயிலிருந்து ஒருவர் எச்சில் கட்சிக்காகத் தனியாளாகப் போராடிவருகிறார். ஆனால் முகப்பில் எப்போதும் டுமுக்கு அண்ணன்தான்.

டுமுக்கு என்பது தண்டையார்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனி போட்ட குழல் அப்பளப் பாக்கெட். விரலில் மாட்டிக்கொண்டு தின்ன வேண்டும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் விசில். பாக்கெட் மேல் தன் தொந்தியையே மேளமாக அடிக்கும் குண்டு மனிதர் படம். பள்ளிக்கூடம் விடும் நேரம் பார்த்து, பஞ்சு அடைத்த வேஷத்தில் அந்தக் குண்டு மனிதர் நிஜமாகவே கேட்டுக்கு வந்து ஆடுவார். கம்பெனி மூடிப் பல காலமாகிறது. ஜெரால்ட்தான் இன்னும் மூடவில்லை.

“பொடவ வெக்கிற பீரோவுல காலி பாக்கெட்ட அடுக்கி வெச்சிகீற. உன் வெப்சைட்ட யாரு பாக்கறா? நீயும் அந்த துபாய்க்காரனும்.”

“ஊருல ஆளுங்க கீறாங்க ஃப்ளோரா. சர்ச் ஹால்ல ஒரு கண்காட்சி வெச்சிக் காட்டறேன்.”

“வெய்யி. ஹாலு ரொம்பலன்னா மறுநாளு பழைய பேப்பர்காரன் வருவான். அல்லாத்தயும் அள்ளிக் குடுத்துட்டு, வெப்சைட்டயும் மூடிடணும். மாதா மேல சத்தியம் பண்ணு.”

ஜெரால்ட் சுவரிலிருந்த மாதாவைப் பார்த்துத் தலையாட்டினார். சின்ன வயதில் பெற்ற அம்மாவைப் போலவே இந்த மாதாவும் டுமுக்கு வாங்கித் தந்ததில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

யார்டில் வேலை நெருக்கியதால், ஃப்ளெக்ஸ் அடிக்கும் சுஃபியானுக்கு எல்லாவற்றையும் போனிலேயே அனுப்பினார். யாரோ ஒருவர் வெப்சைட்டுக்கு அனுப்பிய பழைய கறுப்பு வெள்ளை போட்டோ. அதில் வேஷத்தின் குண்டுத் தலையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு மீசைக்கார ஆள் ஒருவர் சிரிக்கிறார். கீழே ‘டுமுக்கு அண்ணன், ஞாயிறு மாலை, சர்ச் ஹால், அனைவரும் வருக’. அவ்வளவுதான்.

சுஃபியானின் தொழிலில் கலர் போட்டோ வந்தால் கல்யாணம், காதுகுத்து, கட்சித் தலைவர். கறுப்பு வெள்ளை வந்தால் ஒரே ஒரு விசேஷம்தான். ஆகவே நீர் சொட்டும் இரண்டு பெரிய கண்கள், பறக்கும் புறா, அஸ்தமிக்கும் சூரியன், ‘கண்ணீர் அஞ்சலி’ என்று மனமுருகிச் செய்தார். யாராவது துக்கப்பட வேண்டுமே என்று ‘பிரிவால் வாடும் ஜெரால்ட் மற்றும் நண்பர்கள்’ என்றும் சேர்த்தார். ரோட்டோரம் அங்கங்கே கட்டியும் விட்டார்.

பஸ்ஸிலிருந்து அதைப் பார்த்த ஜெரால்ட் நேராகக் கடைக்குப் போனார்.

“யோவ் மாமு, இன்னாயா பண்ணி வெச்சிகீற? கண்காட்சிக்குக் கண்ணீரா?”

“கறுப்பு வெள்ள போட்டோவ குடுத்து சர்ச்சுன்னு போட்டா நான் இன்னா நைனா நெனப்பேன்? நல்லா கீறவன எவனாச்சும் கறுப்பு வெள்ளையில போடுவானா?”

கழற்ற ஆளில்லை. ஞாயிறு விடிந்துவிட்டது.

கண்காட்சிக்குப் போகத்தான் அந்த வட்டாரத்தில் அழைப்பு வேண்டும். சாவுக்குப் போக அறிமுகம்கூட வேண்டாம். மாலையோடு வந்தார்கள். ஹார்பர்காரர்கள் வந்தார்கள், பிள்ளைகுட்டிகளோடு வந்தார்கள். சாவு கானா பாடும் ஞானம் மேளக்காரர்களோடு வந்து, “பாடி எங்கபா?” என்றார்.

ஜெரால்ட் மேசையில் அடுக்கியிருந்த பாக்கெட்டுகளைக் காட்டினார். ஞானம் குனிந்து பார்த்தார். ஒரு விசிலை எடுத்து ஊதினார்.

“டேய், நம்ம டுமுக்குடா இது!”

அதன்பிறகு துக்கம் நிலைக்கவில்லை. ஒரு கையில் மாலை, மறு கையில் மேசையிலிருந்து எடுத்த, தண்ணிக்குள் வளையம் மாட்டும் பொம்மை என்று பெரியவர்கள் சண்டை போட்டார்கள். வாசலிலிருந்த ஃப்ளோரன்ஸுக்கு உள்ளே போக இடமில்லை.

அப்போதுதான் அவரைத் தள்ளிக்கொண்டு நரைத்த மீசை ஒன்று நுழைந்தது.

“எவன்டா அவன் ஜெரால்டு? நான் எம்.கே.பி. நகர் வெள்ளத்துரை. மச்சினிச்சி பஸ்ல போகசொல்ல போர்ட பாத்துட்டு மாரடிச்சிகினு வூட்டுக்கு வந்துட்டா. கதவ தொறந்தது நானு. மயக்கமே போட்டுட்டா!”

போட்டோவில் சிரித்த மீசை இதுதான் என்று ஜெரால்டுக்குத் தெரிந்துவிட்டது. தேடித் தேடிக் கிடைக்காத மனிதர். கொன்ற பிறகு கிடைத்திருக்கிறார். இவர் ஒரு வார்த்தை வேண்டாமென்றால் பழைய பேப்பர்காரனுக்கு வேலையே வைக்காமல் ஜெரால்டே எல்லாவற்றையும் மூடிவிடுவார்.

“அண்ணே, நீங்க உசுரோட கீறது தெரியாது...”

“செத்தது மட்டும் தெரியுமா?”

எல்லோர் கையிலும் இன்னும் மாலை இருந்தது. சாவுக்கு வாங்கிய மாலையை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போகிற வழக்கம் அங்கே கிடையாது. ஞானம்தான் முதலில் நகர்ந்தார்.

“கோச்சிக்காத பெரிசு. வாங்கினது உனுக்குத்தான்.” கழுத்தில் போட்டுவிட்டார்.

அடுத்தவர் போட்டார். அதற்கடுத்தவர் போட்டார். வெள்ளத்துரையின் கோபம் மாலைக்குள் மீசைவரை மூழ்கி, பிறகு கண்ணில் மட்டும் மிஞ்சியது. ஒரு மேளக்காரர் லேசாக ஒரு தட்டு தட்டினார். மாலைக் குவியலுக்குள்ளிருந்து, தொந்தியில் அடித்த பதில் வந்தது: டும்.

அப்புறம் அவர் ஆடினார். பஞ்சு வேண்டியிருக்கவில்லை, இப்போது சொந்தத் தொந்தியே இருந்தது.

மறுநாள் பழைய பேப்பர்காரர் சத்தியம் தவறாமல் வந்து மணியடித்தார். ஃப்ளோரன்ஸ் பீரோவைத் திறந்தார், மூடினார். “ஒண்ணுமில்ல, போய்ட்டு வா.”

வெள்ளத்துரையும் வந்திருந்தார். மாடியில் படுக்கிற இடத்துக்கு மேல் தகர ஷீட்டு ஒழுகுகிறதாம், அடியில் இழுத்துக் கட்ட அந்தக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வேண்டுமாம்.

“மூஞ்சி வானத்த பாக்கறாப்புல போடுங்கண்ணே,” என்றார் ஃப்ளோரன்ஸ். “கீய பாத்தா தெனம் உங்க சாவ நீங்களே பாக்கணும்.”

“கீய பாக்கறாப்புலதாம்மா போடுவேன். காலைல கண்ண தொறந்ததும், ‘இன்னிக்கும் நீ பொய்யி’ன்னு அதுங்கிட்ட சொல்லணும்ல.”