நல்லா இருக்கேன் சார்

கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வீட்டில் கிடந்த நாட்களில், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "ஆளு பளிச்சுனு ஆயிட்டியே." பஞ்சுத் தூசி மூக்கில் ஏறாமல், வேளைக்குத் தின்று, மத்தியானம் தூங்கினால் யாருக்குத்தான் முகம் தெளியாது? ஆனாலும் அதைக் கேட்கும்போதெல்லாம் அடுத்தவள் நகையைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல எனக்குக் கூச்சமாக இருந்தது.

காரணம், மில்லில் எனக்கு அடுத்த மெஷின் பார்க்கிறவள். வடமதுரைப் பக்கத்துக்காரி, என்னைவிட இளையவள். அறுகிற நூலை நடந்து நடந்து ஒட்டுவதுதான் எங்கள் வேலை. ஒருத்தி வராவிட்டால் அவள் நடையையும் பக்கத்தில் நிற்பவள் சேர்த்து நடக்க வேண்டும். எனக்கு விடுப்புப் பணம் காப்பீட்டிலிருந்து வந்துவிடும். என் நடையை நடக்கிறவளுக்கு என்ன வரும்?

வார லீவில் முருங்கைக்கீரை வெஞ்சனத்தோடு என்னைப் பார்க்க வந்தாள். காலை நீட்டி உட்கார்ந்து கணுக்காலை அமுக்கிக்கொண்டே, "இம்புட்டு நடக்கேன், இன்னும் ஊரு வந்து சேரல பாருக்கா. அதே மெஷின்கிட்டதான் நிக்கிறேன்" என்றாள். இப்படி அவள் சொல்வதையெல்லாம் சேர்த்துவைத்துப் பத்துப் பேரிடம் சொல்கிறவள் நான். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கண் அந்தக் கணுக்கால் வீக்கத்திலேயே நின்றது.

விடுப்பு நீள வேண்டுமானால் வாராவாரம் திண்டுக்கல்லில் இருக்கும் காப்பீட்டு மருந்தகத்துக்குப் போய் டாக்டரிடம் சான்று வாங்க வேண்டும். அடுத்த தடவை போனபோது நல்ல கூட்டம். டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் சார். நீங்க நல்லா இருக்கீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அங்கே யாரும் அவரைத் திருப்பி விசாரித்ததில்லை போலிருக்கிறது.

"வலி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்."

"அப்ப திங்கக்கிழமை வேலைக்குப் போகலாம்."

வாயைத் திறந்து மறுத்திருக்கலாம். அந்தக் கணுக்கால் வந்து முன்னால் நின்றது. சரி சார் என்று தகுதிச் சான்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பும்போது பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அடிவயிற்றை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

மில் வேன் சாயங்காலம் எங்கள் தெரு முக்கில்தான் அவளை இறக்கிவிடும். அங்கிருந்து அவள் ஊருக்கு மினிபஸ். சந்தோஷப்படுவாள் என்று காத்திருந்து சொன்னேன். "திங்கக்கிழமை வாரேன்டி."

"யாரு வரச் சொன்னா?"

நடந்ததைச் சொன்னேன். தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

"கல்யாண வீட்ல கேட்டாப்புல பதில் சொல்லிட்டு வந்திருக்க. அவரு என்ன ஒனக்குச் சம்பந்தியா, நலம் விசாரிக்க?"

"ஒன் காலு வீங்கிக் கெடக்கேடி."

"வலிக்கத்தான் செய்யுது, இல்லைங்கல. நீ வந்து மெஷின்ல சாஞ்சு விழுந்தா ஒன்னையும் சேத்து நாந்தான தூக்கணும்? நாளைக்கே போ. இந்தா, நான்தான் டாக்டரு. எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லா..."

"ஏக்கா."

மினிபஸ் வரும்வரை செத்த நேரம் எனக்குப் பாடம் நடந்தது.

மறுநாள் டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, "நல்லா இல்ல சார். குனிய முடியல. நேத்து பொய் சொல்லிட்டேன்" என்றேன். பெரிய மனிதரைத் திட்டிவிட்டதுபோல நாக்கு கூசியது. அவர் திட்டவில்லை. தையலைப் பார்த்தார், பழைய சான்றை வாங்கி வைத்துக்கொண்டார், விடுப்பை நீட்டிப் புதிதாக எழுதித் தந்தார். கேட்டது கிடைத்துவிட்டது. கேட்டதற்காக மனசு குறுகுறுத்தது.

சாயங்காலம் தெரு முக்கில் அவளிடம் சொன்னேன். "இப்பத்தான் ஒனக்கு வாயி வந்திருக்கு" என்று சிரித்தாள்.

"நீ எப்படிடி இருக்க?"

"எனக்கென்னக்கா. நல்லாத்தான் இருக்கேன்."

மினிபஸ் சற்றுத் தள்ளிப் போய் நின்றது. அவள் வலது காலை இழுத்து இழுத்து வைத்துத்தான் அதுவரை போய்ச் சேர்ந்தாள்.