அறைக்கு நாலு வார்த்தை

2006ஆம் வருடம் தாயில்பட்டிப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நாங்கள் நாலு பேர் ஒரே அறையில் பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்தோம். ராமுத்தாய், கருப்பம்மாள், இசைவாணி, அப்புறம் இதை எழுதுகிற பாலம்மாள். அறைக்கு நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது.

ராமுத்தாய்க்கு அப்போது நாற்பது வயது. அலுமினியப் பொடி நெஞ்சில் இறங்கி, இருமல் விடாமல் பிடித்துக்கொண்டது. மருந்து அறையை விட்டு வெளியே வந்தே ஆகவேண்டும் என்று சாத்தூர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தச் சமயம் லேபிள் பிரிவில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. வெளிநாட்டுக்குப் போகும் பெட்டிகளில் சரியான லேபிள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. பொடி கிடையாது, தலைக்கு மேல் ஃபேன் வேறு. ஆனால் இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தால்தான் அந்த வேலை என்றார் சூப்பர்வைசர் காசிராஜன். ராமுத்தாய் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நானாக இருந்தால் அன்றைக்கே அந்த ஆசையைத் தலைமுழுகியிருப்பேன்.

அவள் விடவில்லை. கழித்துப்போட்ட லேபிள்களை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஞானசுந்தரி டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரே எழுத்துகளில் தொடங்கும் சின்ன வார்த்தைகளாகப் பார்த்து, தினம் நாலு சொல்லிக்கொடுத்தார் டீச்சர். மருந்து அறைக்குள் பேப்பர், பேனா கொண்டுபோக முடியாது. அதனால் காலையில் கம்பெனி வேனிலேயே ராமுத்தாய் எங்களுக்கு ஆளுக்கொரு வார்த்தை பங்கு வைத்துவிடுவாள். ஹெச், ஓ வந்த அன்று, ஹோல்டு என்றால் பிடி, அது எனக்கு. ஹாட் என்றால் சூடு, இசைவாணிக்கு. ஹோல் என்றால் ஓட்டை, கருப்பம்மாளுக்கு. ஹோம் என்றால் வீடு, அதை அவளே வைத்துக்கொண்டாள். வேலைக்கு நடுவில், "ஏ பாலம்மா, ஒன்னோடது என்ன?" என்பாள். மறந்துவிட்டால் ஒரு முறைப்பு. பள்ளிக்கூடத்துக்குப் பயந்து ஓடிய எனக்கு இந்த வயதில் இந்தக் கொடுமை! ஆனால் இரண்டே மாதத்தில் இருநூறு வார்த்தைக்கு மேல் அவளுக்கு அத்துப்படி. உண்மையிலேயே அசந்துபோனேன்.

அதுவரை நிரம்பாத அந்த இடத்துக்கு ராமுத்தாயைச் சோதித்துப் பார்க்க, ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் இருந்த வேப்பமரத்தடிக்குப் பெட்டியோடு வந்தார் காசிராஜன். லேபிளில் விரலை வைத்து வைத்துக் கேட்டார். ஃபயர், வெயிட், ஹோல்டு மூன்றுக்கும் டக் டக்கென்று அர்த்தம் சொன்னாள் ராமுத்தாய். நாலாவது, ட்ரை. காலையில் வேனில் அவளே எங்களுக்குச் சொன்ன வார்த்தை. பேசாமல் நின்றாள்.

"அது கருப்பம்மா வச்சிருக்க வார்த்தைய்யா. அவளக் கேளுங்க" என்றாள்.

எங்களில் அதிகம் இருமுகிறவள் கருப்பம்மாள்தான். அந்த இடம் வேண்டும் என்று வாய் திறந்து கேட்கவே இல்லை அவள். எழுந்து, "ஈரமில்லாம காஞ்சது" என்றாள். காசிராஜன் இன்னும் பத்து வார்த்தை கேட்டார். தினமும் எங்களோடு கேட்டுக் கேட்டே மனசில் ஏற்றியிருந்தவள், பத்துக்கும் பதில் சொன்னாள். "சரி, நாளையிலிருந்து நீ லேபிளுக்குப் போ" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? அம்புட்டும் தெரிஞ்சுக்கிட்டு எதுக்கு ஊமையா நின்ன?" என்று கத்தினேன்.

ராமுத்தாய் இருமி முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "எனக்குன்னா நான் கேட்டுக்கிடுவேன். அவளுக்குக் கேக்கத் தெரியாதுல்ல."

அதற்குமேல் அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நேராகக் காசிராஜன் மேசைக்குப் போனேன். அடுத்த இடம் ராமுத்தாய்க்குத்தான் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போடும்வரை நான் நகரவில்லை.