ராஜமணி ஊற்றிய கேன் தண்ணீர்

பெயிண்ட் டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காதவர்கள் மீது ராஜமணிக்கு நாற்பத்தைந்து வருடக் கோபம் உண்டு. தேனி கடைத்தெருவில் ஒரு பெயிண்ட் கடையின் கவுண்டருக்குப் பின்னால் நின்று அவர் சேர்த்த சொத்தில் அந்தக் கோபமும் சேர்த்தி. "லிட்டருக்கு இவ்வளவுதான் தின்னர் ஊத்தணும்னு டப்பாலயே போட்டிருக்கான்ல, படிச்சா என்ன? கண்ணு எதுக்கு இருக்கு?" என்பார். எதிரில் நிற்பவர் பெயிண்டராக இருந்தாலும் மில் முதலாளியாக இருந்தாலும் ஒரே பாட்டுதான். கடை முதலாளி கண்ணைக் காட்டிப் பார்ப்பார், காலில் இடித்துப் பார்ப்பார். ராஜமணி முழுதும் சொல்லி முடித்துவிட்டுத்தான் டப்பாவை நகர்த்துவார்.

கெங்குவார்பட்டியிலிருந்து பத்தொன்பது வயதில் பஸ் ஏறி வந்து அந்தக் கடையில் சேர்ந்தவர். ஒரு வெள்ளையைக் காட்டினால் எந்த வெள்ளை என்று பெயர் சொல்லுவார். மழையில் நிறம் மங்கிய சுவரைப் பார்த்து, இது இரண்டாவது கோட் அடிக்காத வீடு என்று நடந்துகொண்டே தீர்ப்பு எழுதுவார். ஊருக்குத்தான் உபதேசம் என்பதுபோல், அல்லிநகரத்தில் இருக்கும் அவருடைய சொந்த வீடு மட்டும் பன்னிரண்டு வருடமாகத் தூரிகையைக் காணவில்லை. அதைச் சுட்டிக்காட்ட அவருடைய மனைவி கிருபாவதி ஒருநாளும் தவறியதில்லை.

மகன் ஜோஷ்வா ஓசூரில் வேலை பார்க்கிறான். அங்கேயே வீடு கட்டினான். "கலரெல்லாம் நீங்கதாம்ப்பா சொல்லணும்" என்று அவன் கேட்ட அன்று ராஜமணிக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். இரண்டு வாரம் ஷேடு கார்டும் கையுமாக அலைந்தார். ஹாலுக்கு இளம் சந்தனம், படுக்கையறைக்கு மழைக்கு முந்தைய வானத்தின் சாம்பல் நீலம், ஜெபம் பண்ணும் மூலைக்கு மட்டும் தந்தத்தின் வெள்ளை. ஆகஸ்ட் பதினைந்து வீட்டுப் பிரதிஷ்டை. போதகர் ஜெபிக்கும்போது அந்தச் சந்தனச் சுவரோரம் நிற்க வேண்டும், வந்தவர்களில் ஒருத்தராவது "கலர் யாரு பாத்தது?" என்று கேட்க வேண்டும். அறுபத்து நான்கு வயதில் மனுஷனுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

அந்த ஆசைக்குக் குறுக்கே மொட்டை மாடியில் ஐம்பத்தெட்டு வாளிகள் நின்றன.

அத்தனையும் பெயிண்ட் வாளிகள். கடையில் காலியாகிற வாளியைச் சும்மா விடுவானேன் என்று ராஜமணியே சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவை. கிருபாவதி அவற்றில் மண்ணை நிரப்பி ரோஜா, மல்லிகை, கத்தரி, தக்காளி, செம்பருத்தி, கறிவேப்பிலை என்று ஒரு தோட்டமே வளர்த்துவிட்டாள். ஆனியும் ஆடியும் வந்தால் மலையிலிருந்து இறங்குகிற காற்று ஆளையே தள்ளும். காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்குள் காய்ந்து மண் வாளியின் ஓரத்தை விட்டு விலகிவிடும்.

"செடியைப் போட்டுட்டு நான் எங்கிட்டு வர்றது? நீங்க போயிட்டு வாங்க" என்றாள் கிருபாவதி.

"எதுத்த வீட்டுச் சுருளியம்மாட்டச் சொல்லிட்டுப் போவம்."

"சொன்னோமே போன தடவ, ரெண்டு நாளைக்கு! அந்தம்மா ஊத்துன ஊத்துல கறிவேப்பிலை வேரோட அழுகிப் போச்சு. நாலு வருசத்துச் செடி."

அதற்கு மேல் பேச்சு நகராது. ராஜமணிக்குத் தலைமயிரைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது, ஆனால் பிய்க்க அதிகம் இல்லை. பெற்ற மகன் கட்டிய வீடு பெரிதா, தக்காளிச் செடி பெரிதா? இவள் இல்லாமல் தனியாகப் போய் நின்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

அந்த எரிச்சலோடு ஒரு வேலையாகப் பெரியகுளம் போனவர் கண்ணில், உரக்கடை ஒன்றில் தொங்கிய பாக்கெட் பட்டது. உள்ளே கல் உப்பு போல வெள்ளைக் குருணை. கடை வைத்திருந்த விஜய்ராஜ் விளக்கினார். மண்ணில் கலந்துவிட்டால் குருணை தண்ணீரை உறிஞ்சிப் பருத்துக்கொள்ளும், மண் காயக் காய வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். தொட்டிக்கு ஒரு ஸ்பூன் போதும். ராஜமணி மேற்கொண்டு கேட்கவில்லை. கர்த்தரே வழிகாட்டினார் என்று இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

கிருபாவதி பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாயசம் வைக்கப் போறீகளா?"

"வச்சுப் பாரு. பத்து நாளைக்குத் தண்ணி வேண்டாமாம்."

"அப்ப பத்து நாள் பாப்பம். எஞ்செடி வாடாம இருந்துச்சுன்னா நானும் ஓசூர் வாறேன். வாடுச்சுன்னா அந்தப் பேச்சையே எடுக்கப்படாது."

ராஜமணி ஒத்துக்கொண்டார். வாளியில் போர் தண்ணீர் பிடித்து ஒரு கை குருணையைப் போட்டுப் பார்த்தார். அல்லிநகரத்தில் அவர்கள் வீட்டுப் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. ஒரு மணி நேரம் ஆகியும் குருணை வேகாத ஜவ்வரிசி அளவுக்குத்தான் ஊறியது. 'ஒரு ஸ்பூன் எந்த மூலைக்கு?' என்று முனகிக்கொண்டு, வாளிக்கு ஒரு கைப்பிடி என்று குத்துமதிப்பாக அள்ளிப் போட்டுக் குச்சியால் மண்ணைக் கிளறினார். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்னவோ போட்டிருந்தது. கண்ணாடி கீழே இருந்தது. அதற்காக யார் படியிறங்குவது?

ஒரே ஒரு முறை தண்ணீர் ஊற்றி முடித்ததும், கிருபாவதி தன் பழைய சேலையைக் கிழித்து மாடிக் குழாயின் திருகில் சுற்றி ஏழு முடிச்சுப் போட்டாள். அவள் போடும் முடிச்சை அவள்தான் அவிழ்க்க முடியும். முப்பத்தாறு வருடமாக ராஜமணிக்கு அது தெரியும்.

நாலு நாள் ஓடியது. காற்று ஓயவே இல்லை. ஐந்தாம் நாள் கத்தரி இலைகள் தொங்கின, ரோஜா மொட்டு தலை கவிழ்ந்தது. சாப்பாட்டுக்கு முன் ஜெபம் பண்ணும்போது கிருபாவதி, "தண்ணி கெடைக்காமத் தவிக்கிற வாயில்லாத ஜீவன்களையும் நினைச்சருளும் ஆண்டவரே" என்று ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தாள். ராஜமணிக்கு ஆமென் சொல்ல நாக்கு வரவில்லை.

மத்தியானம் சாப்பிட்டதும் அவள் ஒரு மணி நேரம் கண்ணயர்வாள். குளியலறைக்கு அவள் படுத்திருக்கும் அறை வழியாகத்தான் போக வேண்டும். அடுக்களைக் குழாயைத் திறந்தால் கன்றுக்குட்டி மாதிரிக் கத்தும். வாஷர் மாற்றச் சொல்லி அவள் இரண்டு வருடமாகச் சொல்கிறாள், இவர் நாளைக்கு நாளைக்கு என்று கடத்தியது இப்போது தலைக்கு வந்தது. சத்தம் போடாத தண்ணீர் வீட்டில் ஒன்றுதான். ஹாலில் இருந்த குடிதண்ணீர் கேன்.

அறுபத்து நான்கு வயது மனுஷன், சபையில் காணிக்கைப் பை பிடிக்கிறவர், பழைய குளிர்பான பாட்டில்களில் கேன் தண்ணீரைப் பிடித்து, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். உச்சி வெயிலில் மாடித் தளம் காலைச் சுட்டது. துள்ளித் துள்ளி ஊற்றினார். ஐம்பத்தெட்டுக்கும் ஊற்ற எத்தனை கேன் பிடிக்கும்? படியோரம் இருந்த, ஏறியதும் கண்ணில் படுகிற பத்தொன்பது வாளிகளுக்கு மட்டும் தாராளமாக ஊற்றினார். அடுத்தடுத்த இரண்டு நாளும் அதே திருட்டு.

ஏழாம் நாள் மாலை கிருபாவதி மாடிப்படியில் நின்றே எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லையே" என்றாள். ராஜமணி அன்று இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

எட்டாம் நாள் மாலை மாடியிலிருந்து கூப்பாடு கேட்டது. "ஏங்க! இங்கன வந்து பாருங்க!"

படியோரத்துப் பத்தொன்பது வாளிகளிலும் மண் பொங்கி விளிம்பைத் தாண்டியிருந்தது. மண்ணுக்குள்ளிருந்து நுங்கு நுங்காகக் கண்ணாடிக் கட்டிகள் பிதுங்கி வழிந்தன. தக்காளி வேரைக் காட்டிக்கொண்டு சாய்ந்து கிடந்தது. கத்தரிச் செடி வாளியை விட்டுப் பாதி வெளியே வந்திருந்தது. மற்ற முப்பத்தொன்பது வாளிகளில் மண் அப்பளமாக வெடித்துக் கிடந்தது.

"அதென்ன, இந்தப் பத்தொம்போது மட்டும் பொங்குது?" என்றாள் கிருபாவதி.

"காத்து... இந்தப் பக்கம் காத்துக் கம்மி."

அவள் பாக்கெட்டில் இருந்த கடை நம்பருக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டாள். விஜய்ராஜ் பொறுமையாகக் கேட்டார்.

"எவ்வளவும்மா போட்டீங்க?"

"வாளிக்கு ஒரு கை."

"ஐயையோ! உப்புத் தண்ணில சரியா ஊறாதும்மா, அதனால ஒன்னும் தெரிஞ்சிருக்காது. மழைத் தண்ணி, கேன் தண்ணி மாதிரி உப்பில்லாத தண்ணி பட்டாத்தான் இந்தப் பொங்கு பொங்கும். பாக்கெட்லயே போட்டிருக்கே, படிக்கலையா? அங்கன மழையா?"

கிருபாவதி அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். மழையாவது, மண்ணாவது. போனை அணைத்தாள். "கேன்காரரு நேத்து கேக்குறாரு, வீட்டுல விருந்தாளியான்னு. எனக்கு அப்பவே ஒரு மாதிரியா இருந்துச்சு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்த ராஜமணிக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். "ஆமா, ஊத்துனேன்! என்ன செய்யச் சொல்ற? எம்மகன் வீட்டைப் பாக்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா? நீ வரணும்னு ஆசை இருக்காதா? செடி செடின்னு எத்தனை நாளைக்கு இந்தச் சாக்கு?"

"சாக்குதான்" என்றாள் கிருபாவதி.

"சாக்கா?" என்றார் ராஜமணி.

"என்னைய யாரு கூப்பிட்டா? சொல்லுங்க. பத்திரிகை ஒங்க போனுக்கு வந்துச்சு. கலரு ஒங்களக் கேட்டான். டிக்கெட்டு ஒங்களக் கேட்டான். அம்மா நீ வாம்மான்னு ஒரு வார்த்தை அவன் எங்கிட்டச் சொன்னானா? கூப்பிடாத வீட்டுக்கு, ஒங்க பைக்குள்ள போட்டு எடுத்துட்டுப் போற சாமானா நான்?" சாய்ந்த தக்காளியை நிமிர்த்துகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ராஜமணிக்கு அப்போதுதான் உறைத்தது. ஜூன் மாதம் ஜோஷ்வா கேட்டான், "அம்மாட்டப் போனைக் குடுங்கப்பா, நானே கூப்பிடுறேன்" என்று. இவர்தான், "ஏலே, நீ பேசாத. அவ செடி கிடின்னு ஆரம்பிச்சுருவா. நான் பக்குவமாச் சொல்லிக் கூட்டிட்டு வாறேன்" என்று அடக்கியவர். பக்குவம்! பெரியகுளம் வரை போய்க் குருணை வாங்கி வந்த பக்குவம்.

அதை அவளிடம் சொன்னார். ஒன்றையும் ஒளிக்காமல், தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். பிறகு ஜோஷ்வாவுக்குப் போன் போட்டு, "அம்மாட்டப் பேசு" என்று அவள் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். அரை மணி நேரம் கழித்து அவள் இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது.

"நான் போறேன் ஓசூருக்கு" என்றாள்.

"அப்பாடா! ரெண்டு சீட்டுப் போடச் சொல்லுறேன்."

"ஒன்னு போதும். பொங்குனதை எல்லாம் அள்ளிப் போட்டு, செடியத் திரும்ப நட்டாகணும். நட்டா ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தணும். சுருளியம்மாட்ட விடச் சொல்லாதீக. நீங்கதான் செருப்பைக் கழட்டிட்டு நல்லா ஊத்துறீகளே."

ராஜமணி கெஞ்சினார், கத்தினார், இரண்டு வேளை சாப்பிடாமலும் இருந்து பார்த்தார். ஏழு முடிச்சு போட்டவள் இதை மட்டும் அவிழ்ப்பாளா? புறப்படும் அன்று மாடிக் குழாயின் சேலைத்துணியை அவிழ்த்து, மடித்து, அவர் தோளில் துண்டு மாதிரிப் போட்டுவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் பதினைந்து காலை, ஆடிக் காற்றில் வேட்டி படபடக்க மாடியில் நின்று வீடியோ காலில் பிரதிஷ்டை பார்த்தார் ராஜமணி. போதகர் ஜெபித்தார், எல்லோரும் பாடினார்கள், கிருபாவதி முன்வரிசையில் நின்றாள். ஜெபம் முடிந்ததும், "ஏலே, அந்த ஹால் சுவரைக் காட்டுடா" என்றார். ஜோஷ்வா போனைத் திருப்பினான். வெளிச்சத்தில் சந்தனமும் சாம்பல் நீலமும் தந்தமும் எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரிந்தன. எந்த வெள்ளை என்று அவரால் சொல்ல முடியவில்லை.

போன் கிருபாவதி கைக்குப் போனது. "கலரு ரொம்ப நல்லாருக்குங்க. வந்தவுக எல்லாரும் கேட்டாக, யாரு பாத்ததுன்னு."

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு, அவுக வரமுடியல, அங்கன செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்காகன்னு சொன்னேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊத்திட்டீகளா?" என்று கேட்டாள்.