புகை நீலமும் ப்ளெதோராவும்

பட்டன் அக்காவுக்குக் கோபம் வராத நாள் ஒன்று இருந்ததாக அவளுடைய எதிரிகள்கூடச் சொன்னதில்லை. பட்டன், ஜிப், நூல், ஊசி விற்கும் அந்தக் கடையின் கவுண்டரில் நின்று, "ஏதாவது ஒரு வெள்ளை கொடுங்க" என்று கேட்டவர்கள் அதன்பிறகு வாழ்நாளில் வெள்ளையை அலட்சியமாகப் பேசியதில்லை.

"ஏதாவது ஒரு வெள்ளையா? பள்ளிக்கூடத்துலேர்ந்து ஏதாவது ஒரு புள்ளையைத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?"

திட்டு முடிவதற்குள் சரியான வெள்ளை கவுண்டரில் இருக்கும்.

அவளுக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும், உள்ளே இருக்கும் பட்டனில் ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். பெயர் எழுதவில்லை. பட்டனுக்குப் பட்டன்தான் பெயர். இந்த ஏற்பாட்டில் கை வைத்தவன் உருப்படமாட்டான் என்பது அவளுடைய திடமான நம்பிக்கை. அதுவரை யாரும் கை வைக்காததால் நம்பிக்கை சோதனைக்கு உள்ளாகவில்லை.

சோதிக்க ஒருவர் வந்தார். முதலாளியின் மச்சான். விற்பனைக் கலையில் குறுகிய காலப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு, நீண்ட டை ஒன்றோடு வந்து இறங்கினார். மனைவியின் தம்பி ஆயிற்றே, எதிர்க்கலாமா என்று முதலாளி ஆழ்ந்து யோசித்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். யோசனை அத்துடன் நிறைவுற்றது.

மச்சான் போட்ட முதல் சட்டம்: கடைக்குள் 'இருக்கு' என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது. 'இல்லை' என்ற சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் அவர் வீட்டுக்குப் போகலாம். தினமும் ஷட்டரைத் தூக்கியதும் கவுண்டர் முன்னால் வகுப்பு.

"மேடம், கஸ்டமர் வந்து பட்டன் இருக்கான்னு கேக்குறாங்க. என்ன சொல்வீங்க?"

"எந்தப் பட்டன்னு கேப்பேன்."

"நோ மேடம். 'ப்ளெண்டி'ன்னு சொல்லணும். ஆள் கொஞ்சம் டீசண்டா இருந்தா 'நியூமரஸ்'. கார்ல வந்து இறங்கினா 'வைட் ரேஞ்ச்'. ரொம்பப் பெரிய இடம்னா..." மச்சான் கண்களை மூடிக்கொண்டார். "'ப்ளெதோரா'."

"கேக்கும்போதே வயித்தைக் கலக்குதே. அதுக்கு மருந்து இருக்கா தம்பி?"

"ஏகப்பட்டதுன்னு அர்த்தம் மேடம்."

"அப்ப ஏகப்பட்டதுன்னே சொல்லிட்டுப் போறேன்."

"அப்படிச் சொன்னா ஏகப்பட்டது இருக்கிற மாதிரி தெரியாது."

அக்கா பல்லைக் கடித்தாள். அன்றிரவு வீட்டுக்காரர் தட்டோடு உட்கார்ந்து, "சாப்பாடு இருக்கா?" என்று கேட்டபோது, "ப்ளெண்டி" என்றாள். அவர் எழுந்து போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. அந்த ஆங்கிலத்தின் பொருள் அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

மச்சானுக்கோ சொல் மட்டும் போதவில்லை. சரக்கெல்லாம் இழுப்பறைக்குள் ஒளிந்திருந்தால் ஏகப்பட்டது என்று யாருக்குத் தெரியும்? வாரத்தில் அக்காவுக்கு விடுமுறையான அன்று, மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாசலருகே கொண்டுவந்து வைத்தார். சுவரில் இருந்த இழுப்பறைகளை ஒன்றுவிடாமல் உருவி அதில் கவிழ்த்தார். அடியில் விளக்குப் போட்டார். மேலே 'ப்ளெதோரா' என்று பலகை மாட்டினார். மனித குலம் பட்டனைப் பிரித்து வைக்கக் கற்றுக்கொள்ள எடுத்துக்கொண்ட காலத்தை ஒரே நாளில் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அக்கா வாசலில் நின்றாள். அதுவரை அவளுக்கு வந்ததெல்லாம் கோபமே அல்ல, வெறும் ஒத்திகை.

"புகை நீலம் எங்க?"

"உள்ளதான் மேடம். எதுவும் எங்கேயும் போகல."

"மதியம் தையக்காரர் வருவாருய்யா!"

ஒரு ஹோட்டலின் பணியாளர்கள் எல்லோருக்கும் தையல்காரர் கோட்டு தைத்திருந்தார். அதற்குத் தடித்த விளிம்பும் இரட்டைத் துளையும் கொண்ட புகை நீலப் பட்டன்தான் வேண்டும். அதைச் செய்துவந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். மிச்சம் இருந்ததெல்லாம் இந்தக் கடையில் ஒரே ஓர் இழுப்பறை. "கவலைப்படாதீங்கண்ணே, உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்" என்று அக்கா சொல்லியிருந்தாள். அந்த வாக்கை நம்பி, அந்த அளவுக்கே கோட்டுகளில் காஜாத் துளை வெட்டிவிட்டார் மனிதர். விடிந்தால் கோட்டுகள் போய்ச் சேர வேண்டும்.

அக்கா தொட்டிக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினாள். மதியம் தையல்காரர் வந்தபோது அவள் கையில் ஒரு பிடிகூடச் சேர்ந்திருக்கவில்லை.

மச்சான் முந்திக்கொண்டார். "வாங்க சார்! நியூமரஸ் பட்டன்ஸ்! நீலத்துல மட்டும் வைட் ரேஞ்ச்!" இரண்டு கைகளாலும் அள்ளிக் காட்டினார்.

"எனக்கு நியூமரஸ் வேணாம்ப்பா. ஒரே மாதிரி வேணும்."

"ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நீலம் வெச்சுப் பாருங்க சார். வெரைட்டியா இருக்கும்."

தையல்காரர் அவரைத் திட்டவில்லை. அக்காவைப் பார்த்தார். "தங்கச்சி, உன்னை நம்பித்தாம்மா துணியில கத்தி வெச்சேன்."

அவர் சத்தம் போட்டிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். விறுவிறுவென்று போய் ஷட்டரைப் பாதி இறக்கினாள். தொட்டியைப் பிடித்து ஒரே சாய்ப்பாகச் சாய்த்தாள். ப்ளெதோரா தரையெங்கும் ஓடியது. சத்தம் கேட்டு முதலாளி உள்ளறையிலிருந்து ஓடிவந்தார்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"உக்காருங்க முதலாளி."

"நானா?"

"உங்க மச்சானும்தான். டையைக் கழட்டிட்டு உக்காரச் சொல்லுங்க, தரையைக் கூட்டுது."

முதலாளி இந்த முறை யாருடைய முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்தார். தையல்காரரும் மண்டியிட்டார். "அது கடல் நீலம்... அது மங்கின கறுப்பு, கண்ணு இருக்கா இல்லையா... விளிம்பைத் தடவிப் பாருய்யா!" என்று அக்கா நடுவில் நின்று விரட்டினாள். வெயில் சாய்ந்தபோது புகை நீலத்தின் எண்ணிக்கையில் ஒன்றே ஒன்று குறைந்தது. எவ்வளவு தேடியும் அகப்படவில்லை.

அக்கா சுவரைப் பார்த்தாள். காலியான இழுப்பறையின் முகப்பில் அந்தப் புகை நீலம் இன்னும் தொங்கியது. கம்பியை வெட்டி எடுத்து, தையல்காரர் உள்ளங்கையில் வைத்தாள். சுவரில் ஓர் இழுப்பறைக்குப் பெயர் போயிற்று. அதற்கும் சேர்த்து மச்சானை ஒரு பார்வை பார்த்தாள்.

தையல்காரர் வாசலில் திரும்பினார். "பச்சை நூல்கண்டு ஒண்ணு இருக்காம்மா?"

தரையில் இருந்தபடியே பழக்க தோஷத்தில் மச்சானின் வாய் திறந்தது.

"இல்லை" என்றாள் அக்கா, தெருவுக்கே கேட்கும்படி. "தீந்துபோச்சு. அடுத்த தெருவுல கேளுங்கண்ணே."

"சரிம்மா. நாளைக்கு ஜிப் வாங்க வர்றேன்."

அவர் போனதும் மச்சான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "நான் எழுந்திரிக்கலாமா மேடம்?"

"பிரிச்சு முடிச்சாச்சா?"

"கொஞ்சம் முடிஞ்சிருக்கு."

"மீதி எவ்வளவு?"

மச்சான் தரையைப் பார்த்தார். சுவர் முழுக்க இருந்த காலி இழுப்பறைகளைப் பார்த்தார். நுனிநாக்கு வரை வந்த ஒரு சொல்லை மிகுந்த சிரமத்துடன் விழுங்கினார்.

"ஏகப்பட்டது இருக்குக்கா."

"உக்காரு."